நசுங்கிய மரம் எழுந்து வரும்

சாப்பாட்டு மேசை மேல் பித்தளைச் சொம்பு விழுந்தால் அதன் விளிம்பு பிறை வடிவில் அப்படியே பதிந்துவிடும். ஊஞ்சல் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தும்போது சங்கிலிக் கொக்கி இடித்தால் ஒரு குழி விழும். அடுத்து பெரும்பாலும் பட்டி வைத்து அடைப்பார்கள், அல்லது உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்வார்கள். இரண்டுமே அவசர வேலை. அந்தப் பள்ளத்தில் மரம் எதுவும் குறையவில்லை. இருந்ததெல்லாம் அங்கேயே அமுங்கிக் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவரத் தண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் போதும். ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும்.

மரம் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. அடி விழுந்தால் குழலின் சுவர் மடங்கி நசுங்குகிறது, பெரும்பாலும் அறுவதில்லை. இந்தக் குழல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் லிக்னின், காய்ந்த மரத்தில் கெட்டியாக இருந்து மடிப்பை அப்படியே பிடித்து வைக்கிறது. ஈரத்தோடு கிட்டத்தட்ட 100 டிகிரி சூடும் சேர்ந்தால் அது இளகும். சுவர்களும் நீரை உறிஞ்சி உப்பும். பிடியும் தளர்ந்து, உள்ளிருந்து உந்தலும் வந்தால் மடிந்த குழல் நிமிர்கிறது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் பாதிதான் எழும். வெறும் சூடு வைத்தால் கருகும்.

ஜப்பானியக் கைவினைஞர்கள் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். நெட்சுகே என்ற சிறு செதுக்கு உருவங்களில் தேரையின் தோல் மொட்டுகளைக் காட்ட, முதலில் மழுங்கிய கருவியால் புள்ளி புள்ளியாக அமுக்கிவிட்டு, சுற்றியுள்ள மரத்தை அந்தப் பள்ளத்தின் ஆழம்வரை சீவி, பிறகு நனைப்பார்கள். அமுக்கிய புள்ளிகள் மேலே எழுந்து மொட்டுகளாக நிற்கும். உகிபோரி என்று இதற்குப் பெயர். அமுங்கிய மரம் தன் பழைய உயரத்தை மறப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உப்புத்தாளை முதலில் எடுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். சுற்றுப்புறத்தைப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்துவிட்டால், மழைக்கால ஈரத்தில் அமுங்கிய இடம் ஒரு நாள் மேடாக எழுந்து நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, நார் அறுந்திருக்கிறதா என்பது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகை மேல் கிடையாகப் பிடித்தால் பள்ளத்தின் விளிம்பு நிழலாகத் தெரியும். விளிம்பு வழவழப்பாகச் சரிந்து இறங்கினால் அது அமுங்கல். முழுசாக எழுந்து வரும். செங்குத்தாக, கத்தியால் கீறியதுபோல் இறங்கினால் நார் அறுந்திருக்கிறது. ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாலும் தெரியும்: அறுந்த இடம் தண்ணீரைச் சட்டென்று குடித்துக் கறுப்புக் கோடாக நிற்கும். அறுந்த நார் ஒட்டாது. ஆனால் கூர்மையான இடியில்கூட நடுவில் அறுப்பும் சுற்றிலும் அமுங்கலும் சேர்ந்தே இருக்கும். அதனால் எப்படியிருந்தாலும் ஆவியை முதலில் கொடுங்கள், மிச்சத்தைப் பிறகு அடைக்கலாம். பட்டி வைத்த பள்ளத்துக்குள் ஆவி போகாது.

அடுத்தது, மேலே என்ன பூச்சு இருக்கிறது என்பது. வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதால்தான். கண்ணில் படாத ஓர் அடிப்பக்கத்தில், பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் என்.சி. லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் பூச்சோ பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சோ இருக்கலாம். எண்ணெயும் மெழுகும் மட்டும் போட்ட மரமாக இருந்தால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு நேராக வேலையைத் தொடங்கலாம்.

அரக்குக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. ஆவி பட்டால் பால் சிந்தியதுபோல் வெளுக்கும், துணியும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்து அரக்கை எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. லேக்கரைத் தின்னர் நனைத்த துணியால் அதேபோல் எடுக்கலாம். மெலமைனும் பி.யு.வும் வேறு விதம்: தண்ணீரை உள்ளே விடாது, அதனால் எத்தனை முறை இஸ்திரி வைத்தாலும் பள்ளம் அப்படியே இருக்கும், பூச்சுதான் கெடும். அதைப் பிளேடின் விளிம்பால் நார்ப் போக்கிலேயே, மரம் தெரியும்வரை மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். சிறிய பள்ளத்துக்காக அவ்வளவு செய்ய மனமில்லை என்றால், மெல்லிய தையல் ஊசியால் பள்ளத்துக்குள் மட்டும் ரேகை ஓடும் திசையில் ஏழெட்டுத் துளைகள் போட்டு, அவற்றின் வழியாகத் தண்ணீரை இறக்கலாம். இதில் முழுப் பலன் இல்லை. முக்கால் பங்கு எழுந்தாலே நல்ல காரியம். ஆனால் துளைகளை மெழுகு மூடிவிடும், மேசை முழுவதும் பூச்சை உரிக்கும் வேலையும் இல்லை.

இனி வேலை. தண்ணீரில் தொடங்கலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைக் கறை விடும். குடிக்க வடிகட்டிய தண்ணீரோ மழைத் தண்ணீரோ சரி. கொதிக்கவைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் விடுங்கள். நகம் அளவுப் பள்ளத்துக்கு ஐந்தாறு சொட்டு போதும். பத்து, பதினைந்து நிமிடம் ஊறட்டும். வற்றினால் மறுபடி விடலாம். ஆழமில்லாத அமுங்கல் இந்தக் கட்டத்திலேயே எழுந்துவிடுவது உண்டு. குறிப்பாகப் பைன் போன்ற மென்மரங்களில் இஸ்திரி தேவையே படாமல் போகலாம்.

பிறகு சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி. பழைய வேட்டித்துணி அருமையானது. பாலியெஸ்டர் கலந்த துணி உருகி ஒட்டும். துணியை இரண்டு மடிப்பாக மடித்து நனைத்து, பிழிந்தால் சொட்டு விழாத ஈரத்தில் பள்ளத்தின் மேல் விரியுங்கள். இஸ்திரிப் பெட்டி பருத்தி அளவில், மூன்று புள்ளிச் சூட்டில் இருக்கட்டும். அடித்தட்டு ஏறக்குறைய 200 டிகிரிக்குப் போகும். பயப்பட வேண்டாம்: துணியில் ஈரம் இருக்கும்வரை மரத்துக்குப் போகும் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. ஈரம் தீர்ந்த அடுத்த கணமே ஏறத் தொடங்கும். அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியின் முனையைப் பள்ளத்தின் மேல் வைத்துச் சிறு வட்டமாக நகர்த்தினால் 'உஸ்ஸ்' என்று ஆவி பறக்கும். அந்தச் சத்தம் தேயத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து வினாடிதான் வரும். துணியை மறுபடி நனைத்து, மறுபடி வையுங்கள். ஒவ்வொரு முறையும் விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம். கண்ணைவிட விரல் சரியாகச் சொல்லும்.

பள்ளம் மிகச் சிறியதாக இருந்தால் பெட்டியின் முனைகூட அதிகம். துணியை மூடிவிட்டு, அடுப்பில் காட்டிய கரண்டிக் காம்பையோ சால்டரிங் அயர்ன் நுனியையோ துணி மேல் வைத்தால் சூடு அந்தப் புள்ளியிலேயே நிற்கும்.

எத்தனை முறை என்பது மரத்தைப் பொறுத்தது. மென்மரம் ஒன்றிரண்டு முறையில் எழும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நான்கைந்து முறை ஆகலாம், ஊறவிடும் நேரத்தையும் கூட்ட வேண்டும். தோதகத்தி (ஈட்டி) போன்ற கனமான மரம் எளிதில் அமுங்காது, அமுங்கினால் எழவும் நேரம் எடுக்கும். ஒரே மரத்தில்கூட, பலகையின் நடுவில் விழுந்த குழி நன்றாக எழும், மூலையில் நசுங்கியது அரைகுறையாகத்தான் வரும். மூலையில் நார் பக்கவாட்டில் பிதுங்கி விலகியிருக்கும். ஆவி அதை உப்ப வைக்குமே தவிர இடத்துக்குத் தள்ளாது. மூன்று முறை தொடர்ந்து வைத்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் கொடுக்கும் தண்ணீர் பள்ளத்துக்கு உதவாது, பலகையை வளைக்கத்தான் செய்யும்.

சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக எழுந்திருந்தால் அது சரியான அளவு. காயும்போது கொஞ்சம் இறங்கும். இங்கேதான் பலருக்கும் கை நமநமக்கும்: உப்பலாகத் தெரிகிறதே என்று அப்போதே தேய்த்துவிடுவார்கள். ஈரத்தில் தேய்த்துச் சமன் செய்த இடம், மறுநாள் காய்ந்து சுருங்கியதும் மறுபடி குழியாக நிற்கும். இந்த முறை அது உண்மையான குழி, ஏனென்றால் மரத்தை எடுத்தாயிற்று. கோடையில் 24 மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள் விடுங்கள். மின்விசிறிக் காற்று போதும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து பலகை வளையும், சில நேரம் வெடிப்பும் விடும்.

காய்ந்தபின் நார்கள் சிலிர்த்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். 220 எண் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே நாலைந்து இழுப்பு, பிறகு 320 எண். விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி குழிந்துவிடும், கட்டை அவசியம். குறுக்கே ஒரு இழுப்புகூட வேண்டாம். அந்தக் கீறல் சாயம் பூசும்போதுதான் வெளியே தெரியும், அப்போது திரும்பிப் போக வழியில்லை.

ஆவி கொடுத்த இடத்தின் எல்லையில் வட்டமாக ஒரு தண்ணீர்க் கறை தெரியலாம். முழுப் பலகையையும் ஈரத் துணியால் ஒரே சீராக ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் மறையும். கருநீலக் கறை வந்தால் காரணம் வேறு. தேக்கு, கருவேலம் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பெட்டியின் அடித்தட்டிலோ தண்ணீரிலோ இரும்புத் துரு இருந்தால் இரண்டும் சேர்ந்து மை போலக் கறுக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, பூச்சு இல்லாத மரத்தில் தடவினால் வெளுக்கும். அது நச்சுப் பொருள். கையுறை வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, பிறகு நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை துடைத்தெடுக்க வேண்டும். எச்சம் காய்ந்து தூளான இடத்தில் உப்புத்தாள் போட்டால் மூச்சில் ஏறும்.

பூச்சைத் திரும்பப் போடுவதில், அரக்குதான் கருணையானது. புது அரக்கு பழையதைக் கரைத்துக்கொண்டே உட்காருவதால் ஒட்டுப்போட்ட எல்லை தெரியாது. பி.யு. அப்படியல்ல, எல்லை வளையமாகத் தெரியும். மேசையின் மேல்தட்டு முழுவதற்கும் 400 எண் தாளால் லேசாகப் பளபளப்பை எடுத்துவிட்டு ஒரு கோட் அடிப்பதுதான் நேர்மையான வழி. சாயமிட்ட மரமாக இருந்தால் சாயத்தை இளக்கி இரண்டு தடவையாகப் பூசுங்கள். தேய்த்த இடம் சாயத்தை வேறு அளவில் குடிக்கும்.

இதைச் செய்யவே கூடாத இடங்களும் உண்டு. வெனீர் ஒட்டிய பிளைவுட்டில் மேலிருக்கும் அசல் மரம் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுதான். அதை ஒட்டிய வெள்ளைப் பசை சூட்டில் இளகும், வெனீர் குமிழாகக் கிளம்பும். மிகக் குறைந்த சூட்டில் இரண்டு வினாடி என்ற அளவில் முயன்று பார்க்கலாம், ஆனால் அதன்பின் உப்புத்தாள் பக்கமே போக முடியாது. மரநாரையும் மரத்தூளையும் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தண்ணீர் பட்டால் அமுங்கிய இடம் மட்டுமல்லாமல் சுற்றுப்புறமும் பொரிபோல் ஊதிவிடும், பிறகு இறங்காது. சன்மைக்காவுக்கு இந்த வேலையே பொருந்தாது. துண்டு துண்டாக ஒட்டிச் செய்த ரப்பர் மர மேசையில், ஒட்டுக் கோட்டின் மேல் நேராகப் பெட்டியை வைக்காமல் தள்ளியே வையுங்கள். வீணையைத் தொடவே வேண்டாம். குடம் பலாமரம்தான் என்றாலும், தந்திகளுக்குக் கீழே இருக்கும் உலோகக் கட்டைகளான மெட்டுகள் நிற்பது கரி கலந்த மெழுகில். பக்கத்தில் சூடு போனாலே ஸ்வர ஸ்தானம் நகர்ந்துவிடும். கிரிக்கெட் மட்டையும் அப்படித்தான். அதன் முகத்தை அழுத்து உருளையில் வைத்து வேண்டுமென்றே அமுக்கியிருக்கிறார்கள், ஆவி கொடுத்தால் அந்த உறுதியைத்தான் எடுப்போம்.

எல்லாம் முடிந்தும் அறுந்த நார் ஒரு கோடாக மிஞ்சினால், பூச்சுக்கு முன்பா பின்பா என்று பார்த்து அடைக்க வேண்டும். அரக்குக் குச்சியைச் சூடான கத்தி நுனியில் உருக்கி விட்டு, குளிர்ந்ததும் மட்டமாகச் சீவினால் கெட்டியாக நிற்கும், மேலே பூச்சும் ஏறும். மேசை மேல்தட்டுக்கு இதுவே ஏற்றது. மெழுகுக் குச்சி எளிது, ஆனால் அதன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது, எனவே கடைசியாகத்தான் வைக்க வேண்டும். சூடான பாத்திரம் வைக்கும் இடத்தில் மெழுகு நிற்காது. மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து அடைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. பசை தோய்ந்த தூள் சாயத்தை ஏற்காமல் தனித் திட்டாகத் தெரியும் என்பதால், பெயின்ட் அடிக்கப்போகும் கதவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும் பலகையின் சராசரி நிறத்தைவிட ஒரு சாயல் கறுப்பாகத் தேர்ந்தெடுங்கள். கறுப்புக் கோட்டை மர ரேகை என்று கண் ஏற்றுக்கொள்ளும், வெளிர் திட்டை ஏற்காது.