ஐம்பதாயிரம் எந்தக் கணக்குக்குப் போனது?

அப்பாவுக்குத் தையல் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், அவ்வளவுதான் கடை. கவுன்சிலிங்கில் எனக்கு இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்ததும் லேப்டாப் எப்படி வாங்குவது என்பதே வீட்டில் பேச்சாக இருந்தது. பிரகதி உதவித்தொகை பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் டிப்ளமோ, டிகிரி சேரும் பெண்களுக்கு வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினோம். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ., "மாசம் எவ்வளவு வரும்?" என்று அப்பாவிடம் கேட்டார். "தீபாவளி மாசத்தையும் ஆடி மாசத்தையும் எப்படிங்க ஒண்ணாக் கணக்குப் போடுறது?" என்றார் அப்பா. அவரும் சிரித்துவிட்டார்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில், என்.எஸ்.பி. என்பார்கள். முதலில் ஓ.டி.ஆர். என்கிற ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டு வெளிச்சம் அதற்குப் போதவில்லை. நாலைந்து முறை தோற்ற பிறகு, அப்பா தையல் மிஷின் பல்பைத் திருப்பி என் முகத்தில் அடித்தார். உடனே ஓகே ஆனது. கல்விக் கட்டணத்தோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்துப் போட்டிருந்ததால் கல்லூரிச் சரிபார்ப்பில் 'டிஃபெக்ட்', அதாவது குறை இருக்கிறது என்று திரும்பி வந்தது. அதைத் திருத்துவது ஒரு நாள் வேலைதான்.

உண்மையான தலைவலி தேர்வான பிறகு. வகுப்பில் இன்னொருத்திக்குப் பணம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. வாரம் ஒருமுறை பாஸ்புக்கை மிஷினில் போட்டுப் பார்ப்பேன். கவுன்டரில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா, வரும்" என்பார்கள். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

கடைசியில் கல்லூரி அலுவலகத்தில் இருந்த ஒரு மேடம்தான், "லிங்க் வேற, சீடிங் வேற, பார்த்தியா?" என்று கேட்டார். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைப்பது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.யில் பதிவது வேறு; அதுதான் சீடிங். ஒரு ஆதாருக்கு அங்கே ஒரு வங்கிதான் இருக்கும்; கடைசியாக எதைச் சேர்த்தோமோ அது. மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தேன். வேறொரு வங்கியின் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டதும் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் பிளஸ் டூ முடித்த லீவில் ரேஷன் கடைப் பக்கம் அந்த வங்கிக்காரர்கள் கேம்ப் போட்டு, கைரேகை வாங்கி, கணக்குத் திறந்து கொடுத்தார்கள். அந்த அட்டை அரிசி டப்பா மேல், பழைய கேஸ் ரசீதுகளுக்கு நடுவே கிடந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் முழு 50,000 அதில் உட்கார்ந்திருக்கிறது. வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது!

லேப்டாப் வாங்கியாகிவிட்டது. சீடிங்கை மாற்ற வங்கியில் படிவம் கொடுத்து, தளத்தில் பெயர் மாறும்வரை தினமும் பார்த்தேன். இந்த வருடம் புதுப்பித்தல். என் தங்கை இப்போது பத்தாவது. அவள் பேரில் எந்தக் கேம்ப்பிலும் கணக்குத் திறக்கக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.