வேட்டை முகாமில் வெந்நீர் ஷவர்: இதுவரை செய்து பார்த்தவை

கரண்டும் குழாயும் இல்லாத காட்டு முகாமில் சூடாகக் குளிக்க ஒரு வழி செய்வது, இந்த வேட்டைக் காலத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை. நாள் முழுக்கக் குளிரில் நடந்து, மாலையில் தோலுரித்துச் சுத்தம் செய்து முடித்தபின், ரத்தமும் கொழுப்பும் காய்ந்த கையோடு படுக்கப் போக யாருக்கும் மனம் வராது. உண்ணி இன்னொரு காரணம். புல்லிலிருந்து ஏறும் உண்ணி உடனே கடித்துவிடாது, தோதான இடம் தேடி உடம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும். திரும்பியதும் குளித்தால் அப்படி ஊர்கிறவை நீரோடு போய்விடும், கடித்திருப்பவையும் கண்ணில் படும். அதனால் இதை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் வெயிலில் சூடாகும் கருப்புப் பை. கோடையில் அருமையான பொருள். குளிர் தொடங்கிவிட்டால் வெயில் சாய்வாக விழுகிறது, அதையும் மரங்கள் மறைத்துவிடுகின்றன. மாலையில் தொட்டுப் பார்த்தால் பையின் மேல்தோல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதுபோக, 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்ட நல்ல கிளை வேண்டும். அப்படியே கட்டினாலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், நீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். இப்போது அந்தப் பை ஓடையிலிருந்து நீர் கொண்டுவர மட்டும் பயன்படுகிறது.

அடுத்து, சிலிண்டரில் ஓடும் சின்ன கேஸ் கீசர். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தானாகப் பற்றிக்கொள்ளும் வகை. நீரை மேடையில் வைத்து இறக்கினால் போதும் என்று பார்த்தோம், ஆனால் அந்த அழுத்தத்துக்கு கீசர் பற்றவில்லை. 12 வோல்ட் பம்ப் ஒன்றையும் வண்டி பேட்டரியையும் சேர்த்த பிறகுதான் வேலை செய்தது. வேலை செய்யத் தொடங்கினால் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 20 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2,500 கிலோஜூல். கீசரில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 70 கிராம் கேஸில் ஒருவர் நிம்மதியாகக் குளித்துவிடலாம். கேஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். குளிர் முகாமுக்கு புரோப்பேன்தான் சரி.

வண்டி முகாம் வாசல் வரை வரும், ஆட்களும் நிறையப் பேர் என்றால் கீசரையே வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஒத்துவராததற்கு இரண்டு காரணங்கள். உறைபனி இரவில் கீசருக்குள் நீர் தங்கினால், அது பனிக்கட்டியாகி 9 சதவீதம் விரிந்து உள்ளே இருக்கும் செப்புக் குழாயைப் பிளந்துவிடும். தினமும் கழற்றி வடிக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரிது. கேஸ் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. கீசர் எப்போதும் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். அதை மறைப்புக்குள் மாட்டிக்கொண்டு காற்று வராமல் அடைத்துக் குளிப்பது உயிரோடு விளையாடுவது.

காற்றை அடைக்காமல் குளித்தால் என்ன ஆகும் என்பதை இந்த முகாமில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். ஷவர் நீரைச் சின்னச் சின்னத் துளியாக உடைக்கிறது. குளிர்க்காற்றில் அந்தத் துளி தோள் வரைக்கும் சூடாக வந்து, முழங்காலுக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. நனைந்த உடம்பில் காற்று பட்டால் கேட்கவே வேண்டாம். 42 டிகிரி நீரில் திறந்த வெளியில் நின்றதைவிட, நாலு பக்கமும் மூடிய மறைப்புக்குள் 38 டிகிரி நீர் எனக்கு அதிக சுகமாக இருந்தது. அதனால் சூடாக்கும் இடத்தையும் குளிக்கும் இடத்தையும் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இப்போது ஓடுகிற ஏற்பாடு அதுதான்.

சமையல் முடிந்த தணலில் மூடி போட்ட அண்டா ஏறும். ஒருவருக்கு 7 லிட்டர் கொதிநீர். திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்பதால், தனியாக மூட்டினால் இதற்கு ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு பிடிக்கும். தணலில் ஏற்றினால் அவ்வளவு ஆகாது. ஒரு பங்கு கொதிநீருக்கு 10 டிகிரி பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு விளாவினால் சரியாக 40 டிகிரி. ஓடைநீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் கொதிநீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உயரமான இடத்திலும் அப்படித்தான், 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் கொதிநீர். மாற்றி ஊற்றினால் பிளாஸ்டிக் வாளி இளகும், கைதவறினால் தோலும் வெந்துவிடும். 60 டிகிரி நீர் சில வினாடிகளில் புண்ணாக்கும். ஊற்றியதும் அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும். சூடான நீர் மேலே மிதக்கும், ஷவருக்கு நீர் தள்ளும் பம்ப் வாளியின் அடியில் கிடக்கும். கலக்காமல் பட்டனை அழுத்தினால் முதலில் வருவது ஐஸ் தண்ணீர். நான் ஒரு வெப்பமானியை வாளி விளிம்பில் கட்டி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க விறைத்துப்போன விரலுக்கு வெதுவெதுப்பும் கொதிப்பும் ஒன்றுபோலத் தெரியும், அதை நம்பக்கூடாது.

பம்ப், சார்ஜ் செய்து வாளிக்குள் முக்கும் சின்ன வகை. நிமிடத்துக்கு 3 லிட்டர்போலத் தள்ளுகிறது. சோப்பு போடும்போது நிறுத்திவிட்டால் 20 லிட்டர் தாராளம், சிக்கனக்காரர்களுக்குப் பாதியே போதும். எவ்வளவு சூடு தாங்கும் என்று பம்பிலேயே எழுதியிருப்பார்கள், அதனால் விளாவி முடித்த பிறகுதான் உள்ளே இறக்குவேன். ஓடைநீரில் வரும் மணல் ஷவர் துளைகளை அடைத்துவிடுகிறது. பம்பைப் பழைய நைலான் காலுறைக்குள் போட்டுக் கட்டியதில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மறைப்புக்கு நாலு கம்பம், தார்ப்பாய், மேலேயும் ஒரு துண்டு. ஓர் ஆள் கை நீட்டித் திரும்பும் அளவு போதும், சின்னதாக இருந்தால் ஆவி உள்ளேயே நிற்கும். அடுப்பு வெளியே இருப்பதால் பயமில்லாமல் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டலாம். தரையில் ஜல்லி கொட்டி அதன்மேல் மரச்சட்டம் போட்டிருக்கிறோம். பாதம் ஈர மண்ணைத் தொடாமல் இருப்பதே பாதிக் குளிரைக் குறைக்கிறது. துண்டும் மாற்றுத் துணியும் உள்ளேயே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் தொங்கும்.

ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் இடம் பார்த்தோம். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், ஓடையில் கலந்தால் மீனுக்குக் கேடு. வாசனை சோப்பும் வேண்டாம், மானின் மூக்கு அதை எங்கிருந்தோ பிடித்துவிடும்.

இன்னும் சரியாகாதது ஷவர் ஹோஸ்தான். கடைசி ஆள் குளித்ததும் அதைக் கழற்றி உதறித் தொங்கவிடாவிட்டால் காலையில் குச்சிபோல விறைத்துக் கிடக்கிறது. தடித்த சிலிக்கான் ஹோஸ் ஒன்று வாங்கி, நீர் தானாக வடியும்படி வாளியை நோக்கிச் சரிவாக மாட்டிப் பார்க்கப் போகிறேன்.