கொஞ்சம்கூட அசையலை மாமா

என் மனைவியின் ஊர் ஆலங்காயத்துக்குப் பக்கம் என்று தெரிந்ததும் எனக்கு மனசார வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் சும்மா வந்துவிடவில்லை. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இடம் தேடி அங்கே போய் நின்றதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். அதே இருட்டில் ஒரு பங்கு என் மாமனார் வீட்டு மொட்டைமாடிக்கும் விழுகிறது. அதனால் மார்கழியில் மாமனார் வீட்டுக்குப் போக என்னை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

இந்த முறை குறி, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் குதிரைத் தலை மாதிரித் தெரியும் தூசு மேகம், குதிரைத்தலை நெபுலா. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதுவரை வானம் சும்மா இருக்காது, செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். டெலஸ்கோப்பைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் மவுன்ட் அதே வேகத்தில் கூடவே போக வேண்டும். என் 600 மி.மீ. குழாய்க்கும் கேமராவுக்கும் ஒரு பிக்சல் என்பது 1.3 ஆர்க் செகண்ட். ஒரு பாகையில் இப்படி 3600 ஆர்க் செகண்ட் என்றால், எவ்வளவு சின்னப் பிசகும் படத்தில் தெரியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மவுன்ட்டும் தனியாக இவ்வளவு ஒழுங்காக ஓடாது. அதனால்தான் பக்கத்தில் ஒரு குட்டி டெலஸ்கோப், அதற்கு ஒரு கைடு கேமரா. அது ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் விலகினால், லேப்டாப்பில் ஓடும் பி.எச்.டி.2 மென்பொருள் மவுன்ட்டை ஒரு தட்டு தட்டி வழிக்குக் கொண்டுவரும்.

மவுன்ட்டின் அச்சை வானத்தின் வடதுருவத்துக்கு நேராக வைப்பதே அங்கே ஒரு வேலை. நம் ஊரில் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே பன்னிரண்டரை பாகைதான். அந்த உயரத்தில் மாமனாரின் தென்னை நிற்கிறது. மாமனார் வீட்டுத் தென்னையை வெட்டச் சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? வேறு திசையில் மூன்று படம் எடுத்துக் கணக்குப் போடும் வசதி இப்போது இருக்கிறது, அதில் தப்பித்தேன். மவுன்ட்டை இவ்வளவு படுக்க வைத்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும் என்பது ஐரோப்பாக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு சுகம். அதையும் சமாளித்தாயிற்று. எடையைச் சமன்செய்யும் பேலன்ஸ், எந்தத் தட்டுக்கு மவுன்ட் எவ்வளவு நகரும் என்று மென்பொருளுக்குப் பழக்கும் காலிப்ரேஷன் எல்லாம் முடிந்து, நட்சத்திரத்தைத் தொடர்வதில் பிழை 0.6 ஆர்க் செகண்டில் நின்றது. கீழே அத்தை தோசைக்குக் கூப்பிட்டார், போனேன்.

திரும்பி வந்து முதல் சில படங்கள் நன்றாகத்தான் இருந்தன. அரை மணி நேரத்தில் நட்சத்திரமெல்லாம் அரிசி அரிசியாக நீள ஆரம்பித்தது. திரையில் கிழக்கு மேற்கு விலகலைக் காட்டும் ஆர்.ஏ. கோடு மெல்ல ஒரு பக்கம் இறங்கும், மென்பொருள் தட்டித் தட்டிப் பார்க்கும், திடீரென்று கோடு எகிறி மறுபக்கம் போகும். பாலோடு மேலே வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க ஈ.சி.ஜி. எடுக்கறீங்க?" என்று பதறினார்.

முதல் சந்தேகம் மவுன்ட்டைச் சுழற்றும் திருகும் பல்சக்கரமுமான வார்ம் கியர்மேல். என் மவுன்ட்டில் 180 பற்கள், வார்ம் ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 8 நிமிடம். அதில் கோளாறென்றால் அதே ஆட்டம் 8 நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். இது நினைத்தபோது வந்தது. துருவம் பிசகியிருந்தால் வடக்கு தெற்கு விலகலைக் காட்டும் டெக்ளினேஷன் கோடு ஒரே பக்கமாகச் சரியும், ஆனால் அது அடக்கமாகத்தான் இருந்தது. காற்றா? தென்னை ஓலைகூட அசையவில்லை. காலேஜில் படிக்கும் மச்சான் செல்போனில் எதையோ படித்துவிட்டு, "அக்ரெசிவ்னெஸைக் குறைச்சுப் பாருங்க மாமா" என்றான். மென்பொருள் எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்ற அளவு அது. குறைத்தேன். படம் இன்னும் கெட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், டெலஸ்கோப்பை வேறு பக்கம் திருப்பி மறுபடி காலிப்ரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். ஓரியனுக்குத் திரும்பி வந்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் பழையபடி ஆட்டம்.

சத்தம் கேட்டு மாமனார் மேலே வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மஃப்ளரும் கையில் மல்டிமீட்டருமாக வந்து நின்றார். "வோல்டேஜ் டிராப் ஆகும் மாப்பிள்ளை. சப்ளை சரியில்லேன்னா மோட்டார் இப்படித்தான் முரண்டு பண்ணும்." அவர் சொன்னதில் உண்மை உண்டு, 12 வோல்ட் இறங்கினால் மவுன்ட் கோணல் வேலை செய்யும். அளந்து பார்த்தார், பன்னிரண்டுக்குக் குறையவில்லை. அடுத்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி ஊதிச் செருகினார். "கிரீஸ் போட்டு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். நடுராத்திரி நெருங்கும் வரை இருவரும் அந்தக் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மாடித் தளமே அதிர்ந்திருக்கும், அதுவும் கோட்டில் ஏறியிருக்கும். மாமனாரை நடக்காதீர்கள் என்றா சொல்வது?

கோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மெல்ல மெல்லப் பின்தங்கி, பிறகு ஒரே துள்ளு. அப்படியென்றால் எதுவோ பிடித்து இழுக்கிறது, தாங்க முடியாதபோது நழுவுகிறது. சிவப்பு விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கேமராவிலிருந்து யு.எஸ்.பி. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். விரலால் சுண்டினால் சத்தம் வரும், அத்தனை விறைப்பு. நேராக டிஷ் ஆன்டெனாக் கம்பத்துக்குப் போனது. அங்கே தென்னங்கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு முடிச்சு.

"அட, அது நான்தான் மாப்பிள்ளை கட்டினேன்" என்றார் மாமனார். "நீங்க சாப்பிடப் போனப்ப தண்ணித் தொட்டி மூடியைப் பார்க்க வந்தேன். ஒயர் தொங்கிட்டுக் கிடந்துச்சு. இருட்டுல தடுக்கி விழுந்துட்டீங்கன்னா? முப்பது வருஷ சர்வீஸ் மாப்பிள்ளை, தொங்கற ஒயரைப் பார்த்துட்டு என்னால சும்மா போக முடியாது." சொல்லிவிட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "கட்டு எப்படி? அசைஞ்சுதா?"

"கொஞ்சம்கூட அசையலை மாமா."

"அசையாது. புயல் அடிச்சாலும் நிக்கும்."

நேற்று வந்த மாப்பிள்ளை அதற்கு மேல் என்ன பேச? டெலஸ்கோப் மேற்கே திரும்பத் திரும்ப கேபிளும் கூடவே வர வேண்டும், அதற்கு வளைவாகத் தொங்கல் விட்டாக வேண்டும் என்று பதமாக எடுத்துச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லலாமே. கம்பத்துல ரெண்டு ஒயரைச் சேர்க்க ஜம்பர் போட்டாலே தொங்கல் விட்டுத்தானே போடுவோம்" என்றவர், கயிற்றை அவிழ்த்து, கேபிளை மவுன்ட்டின் தலையருகே ஒரு இடத்தில் மட்டும் தளர்வாகப் பிடித்துக் கட்டி, அங்கிருந்து அழகாக ஒரு வளைவு விட்டார். டெலஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கிளிப்பில்கூட எனக்கு அந்த வளைவு வந்ததில்லை. பிழை மறுபடி 0.6க்கு இறங்கியது. வெறும் பேலன்ஸை வைத்து மல்லுக்கட்டியிருந்தால் விடிந்திருக்கும்.

அப்புறம் அவர் தூங்கப் போகவில்லை. லேப்டாப் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கோடு கொஞ்சம் அலைந்தாலும் "ஏறுது மாப்பிள்ளை, ஏறுது" என்று அறிவிப்பு வரும். ஓரியன் மேற்கே சரிகிற நேரத்தில் கடைசிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கோலம் போட எழுந்த அத்தை கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டார். மாடி விர்ரென்றது, இரண்டு கோடும் ஒன்றாக எகிறின.

மாமனார் கைப்பிடிச் சுவரில் குனிந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "யாரு மோட்டாரைப் போட்டது? இங்க மனுஷன் நட்சத்திரத்தைப் புடிச்சிட்டு இருக்கான்ல!"

பக்கத்து வீட்டு மோட்டாரும் சேர்ந்து நின்றது.