வண்டி போகாத தீவில் அரையாண்டு லீவு

குமாரபாளையத்தில் வீடு என்றால் தறிச் சத்தத்தோடுதான் குடித்தனம். எங்கள் வீதியில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் இரண்டும் ஓடும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு எழும். அதனால் அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது நான் கேட்டது இரண்டே விஷயம். சத்தம் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டிய ரோடு இருக்கக் கூடாது.

ஊட்டியும் ஏற்காடும் டிசம்பர் கடைசி வாரத்தில் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பாதி நாள் போய்விடும். வேண்டியது தண்ணீர் சூழ்ந்த இடம் என்று முடிவாயிற்று. ராமேஸ்வரம் சொன்னார்கள், வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயாத மாதத்தில் அந்தக் கடற்கரையை நம்பி வயதானவர்களைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. லட்சத்தீவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலில் இடமும் கிடைக்க வேண்டும். ஒரு வார லீவுக்கு அது கட்டுப்படியாகாது. அப்புறம்தான் காக்காத்துருத்து கண்ணில் பட்டது.

வேம்பநாட்டுக் காயலில், ஆலப்புழா மாவட்டத்து எழுபுன்னா ஊராட்சியைச் சேர்ந்த சின்னத் தீவு அது. எர்ணாகுளத்திலிருந்து ஆலப்புழா போகும் வழியில் எரமல்லூர் என்ற ஊரில் இறங்கி, காயல் கரைக்குப் போய், வள்ளத்தில் ஏறிக் கடக்க வேண்டும். நாங்கள் போனபோது பாலம் கிடையாது, ஆகவே தீவில் காரும் கிடையாது. 2016-இல் நேஷனல் ஜியாகிரபிக், உலகத்தை 24 மணி நேரத்தில் சுற்றிவருவது போல மணிக்கு ஓர் இடமாகப் பட்டியல் போட்டபோது, மாலை 6 மணிக்கு இந்தத் தீவின் அந்தியைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு வெளியாட்கள் கொஞ்சம் வரத் தொடங்கினார்கள்.

டிசம்பர் கடைசி இதற்கு நல்ல காலம். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நமக்குப் பனி இறங்கும்போது, அந்தப் பக்கம் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. நமக்குச் சிக்கல் ரயில்தான். கார்த்திகை முதல் தேதி தொடங்கும் சபரிமலை மண்டல காலம் டிசம்பர் 26, 27 வாக்கில் மண்டல பூஜையோடு முடிகிறது. நடுவில் கிறிஸ்துமஸ் வேறு. ஈரோடு, கோவை வழியாகக் கேரளா போகிற எந்த வண்டியிலும் அந்த நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. மண்டல பூஜை முடிந்து, மகரவிளக்குக்காக 30-ஆம் தேதி வாக்கில் மறுபடி நடை திறப்பதற்குள் கொஞ்சம் மூச்சு விட இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நான் டிக்கெட் போட்டேன். முன்பு 120 நாளைக்கு முன்னாலேயே ரிசர்வேஷன் திறந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது டிசம்பர் கடைசிக்கு அக்டோபர் கடைசியில் உட்கார வேண்டும். தீபாவளித் துணி எடுக்கும் அலைச்சலில் இதை மறந்துவிடாதீர்கள்.

தங்குமிடம் தேடும்போது ஒன்று கவனித்தேன். தீவின் பெயரைப் போட்டிருக்கும் விடுதிகளில் சில, எதிர்க்கரையில் இருப்பவை. போனில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: வள்ளம் ஏறித்தான் அங்கே வர வேண்டுமா? ஆமாம் என்று சொன்ன ஒரு வீட்டில் இரண்டு அறை எடுத்தோம். சாப்பாடும் அவர்களே. எங்கள் அத்தைக்கு மீன் வாடை ஆகாது. முன்கூட்டியே சொல்லி வைத்ததால் கஞ்சியும் பயறும் தனியாகச் செய்து தந்தார்கள். காயல் கரையில் மீன் இல்லாத சாப்பாட்டை வந்து இறங்கிய பிறகு கேட்டால் அவர்களுக்கும் சிரமம்.

மாமாவைக் கிளப்புவதுதான் பெரிய வேலையாக இருந்தது. பவானிப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கிறார். தையில் வெட்டு தொடங்கிவிட்டால் காட்டை விட்டு அசைய மாட்டார், மார்கழியில்தான் கொஞ்சம் ஓய்வு. "நாலு பக்கமும் தண்ணியப் பாத்துட்டு உக்காரறதுக்கு அவ்வளவு தூரம் போகோணுமா அம்மிணி? காவிரிக்குள்ள நட்டாத்தீசுவரன் கோயல் இருக்குதுல்ல" என்றார். அதுவும் ஆற்று நடுவே பாறை மேல் இருக்கும் நல்ல இடம்தான். ஆனால் ராத்திரி தங்க முடியாதுங்களே மாமா என்றேன். சரி, உப்புத் தண்ணியில நெல்லு வெளையுதாமே, அதைக் காட்டுறயா என்று கேட்டார். எங்கேயோ படித்திருக்கிறார். அந்த ஒரு ஆசையில் கிளம்பிவிட்டார்.

மூட்டை முடிச்சு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றுகூட வேண்டாம். வள்ளத்தில் தூக்கிக் கொடுத்து, இறங்கி, மண் தடத்தில் நடக்க வேண்டும். முதுகில் மாட்டும் பையும் துணிப்பையும்தான். ஆளுக்கொரு டார்ச். வழிக்கு அத்தை சுட்ட கச்சாயமும் முறுக்கும்.

சென்னையிலிருந்து வரும் ஆலப்புழா எக்ஸ்பிரஸில் நடுராத்திரிக்கு மேல் ஈரோட்டில் ஏறினோம். காலைப் பலகார நேரத்துக்கு எர்ணாகுளம். அங்கிருந்து எரமல்லூர் சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் அரூரிலிருந்து துறவூர் வரை 12.75 கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலை முழுக்கத் தூண், கிரேன், சேறு. நீங்கள் போகும்போது வேலை நடந்துகொண்டிருந்தால் இந்தத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரைச்சலிலிருந்து திரும்பி, தென்னைகளுக்கு நடுவே ஒரு சந்தில் கொஞ்ச தூரம் போனால் கடவு, அதாவது படகுத்துறை. வரிசையாக பைக்குகளும் ஸ்கூட்டர்களும் கரையில் நிற்கின்றன. தீவுக்காரர்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வள்ளத்தில் போகிறார்கள். அத்தை ஏறுவதற்குத் தயங்கினார். படகுக்காரர் கழியைச் சேற்றில் ஊன்றி வள்ளத்தைக் கரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பதுக்கெ, பதுக்கெ அம்மே" (மெதுவா, மெதுவா அம்மா) என்று சொல்லி, அத்தை நடுப்பலகையில் உட்கார்ந்து புடவையைச் சரி செய்யும்வரை அசையாமல் நின்றார். சில நிமிடத்தில் அக்கரை.

தீவில் இறங்கிய உடனே நான் செய்தது, பிள்ளைகளின் கையை விட்டதுதான். தடத்தில் எதிரே வருவது ஆட்கள், ஆடுகள், எப்போதாவது ஒரு சைக்கிள். எங்கள் சின்னவன் பழக்கத்தில் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தான். நடுவில் நடடா கண்ணு என்று அவன் அப்பத்தா, எங்கள் அத்தை, சொன்ன பிறகுதான் நடுவுக்கு வந்தான். அப்புறம் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு நாளும் சாப்பாட்டு வேளைக்குத்தான் கண்ணில் பட்டார்கள். அத்தைக்கு முட்டி வலி உண்டு. ஆனால் ஹாரன் சத்தத்துக்குப் பதறி ஒதுங்க வேண்டாத தடத்தில் அவரும் தினமும் காலையில் தனியாக நடந்துவிட்டு வந்தார். இதற்காகவே இன்னொரு முறை போவேன்.

முழு நிசப்தம் இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். அது கோயில்களுக்கு விசேஷ காலம், விடிகாலையில் எதிர்க்கரையிலிருந்து பாட்டு கேட்கும். தண்ணீர்மேல் சத்தம் தெளிவாக வரும். மற்ற நேரம் துடுப்பு விழும் ஓசை, நீர்க்காகங்கள், செம்பருந்தின் கத்தல்.

பக்கத்து வீட்டு வாசலில் கறுத்த கக்கா வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காயலின் அடிச்சேற்றிலிருந்து அள்ளி வருகிற சிப்பி. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் வெந்து வாய் திறந்ததும் சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். சதை கீழே உதிர்கிறது, ஓடு மேலே தங்குகிறது. சதை சந்தைக்கு, ஓடு சுண்ணாம்புக்கு. வீட்டுக்கு வீடு ஓட்டுக் குவியல் வெள்ளையாகக் கிடந்தது.

மாமா ஆசைப்பட்ட உப்புத் தண்ணீர் நெல் வயலை எழுபுன்னாப் பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த நெல்லுக்குப் பொக்காளி என்று பேர். ஜூனில் மழை வந்து உப்பைக் கழுவிய பிறகு மண்மேடுகளில் நெல் முளைக்கிறது. ஆள் உயரத்துக்கு வளரும். உரமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அது அழுகி இறாலுக்குத் தீனியாகிறது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை அதே வயலில் இறால். நாங்கள் பார்த்தது வெறும் தண்ணீராகக் கிடந்த வயலை. ஆனால் ராத்திரி மதகு திறப்பதைப் பார்க்கலாம் என்று ஒருவர் கூட்டிப்போனார். ஓதம் (கடல் ஏற்றத்தில் வரும் தண்ணீர்) ஏறும்போது மதகின் மேல் விளக்கைத் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு வரும் இறால் குஞ்சுகளைத் தண்ணீரோடு உள்ளே விடுகிறார்கள். ஓதம் வடியும்போது மதகு வாயில் நீளமான பை வலையைக் கட்டி வளர்ந்ததைப் பிடிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் இறால் அதிகமாகக் கிடைக்குமாம். இதைப் பார்க்க நினைப்பவர்கள் காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள். மாமா அந்த வயல்காரரிடம் தமிழும் மலையாளமுமாக வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மஞ்சளுக்கு இவர் வைக்கும் உரக் கணக்கைக் கேட்டு அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலம் வேண்டும் என்பது அந்தத் தீவு மக்களின் நெடுநாள் கோரிக்கை. ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் வள்ளத்தில்தான் கடக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் அப்படியேதான். நாங்கள் தங்கிய வீட்டு அக்கா இதைச் சொன்னபோது, பாலம் வராமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஓரமாக எண்ணிக்கொண்டிருந்தவள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பாலம் வரட்டும். அதுவரை போகிறவர்கள் வள்ளக்காரரிடம் பேரம் பேசாதீர்கள், கடைசி வள்ளம் எப்போது என்று கேட்டுக்கொண்டு அதற்குள் திரும்புங்கள். நமக்காக அவர் சாப்பாட்டை விட்டு எழுந்து வர வேண்டியிருக்கக் கூடாது.

திரும்பும்போது பொக்காளி அரிசி வாங்கி வந்தோம். அத்தை அதில் அரிசிம்பருப்பு சாதம் செய்து பார்த்தார். கூடுதலாகத் தண்ணீர் வேண்டியிருந்தது, ருசி நன்றாகவே இருந்தது. மாமா ஐப்பசியில் அறுப்புப் பார்க்கப் போகலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு அப்போது லீவு கிடையாது. அவரையும் அத்தையையும் மட்டும் அனுப்பி வைக்கலாம் என்று இருக்கிறோம். அந்த வீட்டு அக்காவுக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லியாயிற்று.