இசைக்கலைமணி இறுதித் தேர்வு: இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

இசைக் கல்லூரியின் இசைக்கலைமணிப் பட்டயப் படிப்பில், சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வில் தவறிய நான் இந்த ஆண்டு தேறிவிட்டேன். முடிவு வந்து 4 நாள்கள்தாம் ஆகின்றன. நாகசுரப் பிரிவில் அடுத்த ஆண்டு தேர்வுக்கு உட்காரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டம் உங்கள் கையில் இருப்பதால் அதை விளக்கப்போவதில்லை. குழலைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, வாயால் பாடுவதைப் பற்றித்தான் இங்கே பெரும்பாலும் சொல்லப்போகிறேன்.

சென்ற ஆண்டு தோடி ஆலாபனை நன்றாகவே அமைந்தது. கோயில் புறப்பாட்டுக்குரிய கம்பீர நாட்டை மல்லாரியை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசித்து முடித்தபோது தவில்காரர் தலையசைத்தார். அதன்பின் தேர்வாளர் குழலை வைக்கச் சொல்லி, பைரவி இராகத்தில் அட தாளத்தில் அமைந்த வர்ணம் என்னும் உருப்படியான 'விரிபோணி'யின் முத்தாயி சுரத்தை (முதற்பகுதியை முடிக்கும் சுரவரிசையை) இரண்டு காலத்திலும் பாடச் சொன்னார். சியாமா சாஸ்திரிகளின் குருவான பச்சிமிரியம் ஆதியப்பையர் இயற்றிய அந்த வர்ணத்தை 3 ஆண்டுகள் நாள்தோறும் விடியற்காலையில் வாசித்தவன் நான். அட தாளத்துக்கு 14 அட்சரம் (எண்ணிக்கை): தட்டும் 4 விரலுமாக இரண்டு லகு, தட்டும் வீச்சுமாக இரண்டு திருதம். இதை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இரண்டாம் காலத்தில், இரண்டாவது லகுவின் மோதிர விரலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. சுரம் ஓடிக்கொண்டிருந்தது, அது எந்த விரலில் விழவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. மறுபடி எடுத்தும் அதே இடத்தில் நின்றேன்.

நாகசுரக்காரனின் இரண்டு கைகளும் துளைகளின்மேல் இருக்கின்றன. தாளத்தைப் பக்கத்தில் ஒருவர் போடுகிறார், தவில் நம்மைத் தாங்கிச் செல்கிறது. வாய்ப்பாட்டு மாணவர்கள் முதல் நாளிலிருந்தே தொடையில் தட்டிப் பழகியவர்கள். நாம் அப்படிப் பழகுவதில்லை. இந்தக் குறையை முதலாம் ஆண்டிலேயே கண்டுபிடித்தவர் திருவிடைமருதூரிலிருந்து பேருந்தில் வந்து எங்களுக்குக் கற்பித்த ஐயா. "குழல உறையில போடு தம்பி. வாய்ல வராதது சீவாளியில வராது" (சீவாளி என்பது குழல் முனையில் வைத்து ஊதும், கொறுக்கை நாணலால் ஆன துண்டு) என்று சொல்லி, ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரைமணி நேரம் ஒருவரையும் வாசிக்கவிடமாட்டார். பத்து வயதிலேயே பெரியப்பாவுடன் சுவாமி புறப்பாட்டில் நின்று வாசித்த எனக்கு அது வீண் தாமதமாகத் தோன்றியது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அவர் ஓய்வு பெற்றார். அன்றோடு நான் தாளம் போடுவதை விட்டேன். அந்த இரண்டாம் ஆண்டு முழுவதும் அவர் தொண்டை கட்டியிருந்த நாளில்கூட எங்களோடு பாடினார் என்பதை இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

தவறிய பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அவர் வகுத்துக் கொடுத்த முறை இது:

முதல் வாரம் பாட்டே இல்லை, வெறும் தாளம், 14 அட்சரம், அரைமணி நேரம். அடுத்து அதே தாளத்தில் சொற்கட்டு (தகதிமி போன்ற தாளச் சொற்கள்). பிறகு சுரம். குழல் கடைசியில்தான்.

இது பிடிபட்டதும் அனுலோமம், பிரதிலோமம் இரண்டையும் செய்யவைத்தார். தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டின் காலத்தை மாற்றுவது (அனுலோமம்) எல்லோரும் செய்வது. பாட்டை அப்படியே வைத்துத் தாளத்தின் காலத்தை மாற்றும்போதுதான் (பிரதிலோமம்) நாம் எதைக் குருட்டுப்பாடமாக வைத்திருக்கிறோம் என்பது வெளிப்படும். எனக்கு இதற்கு மட்டும் 2 மாதம் ஆயிற்று. கூட்டாகப் படிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நான்குபேர் சேர்ந்து தட்டும்போது யார் தவறுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. தனியாக உட்காருங்கள்.

கருத்தியல் தாளுக்கு எங்களுக்கு வாய்த்த ஆசிரியை அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மேளத்தின் (தாய் இராகத்தின்) பெயரில் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கி, திருப்பிப் போட்டு அதன் வரிசை எண்ணைக் காண்பது கடபயாதிக் கணக்கு. அதைத் தமிழ் எழுத்தை வைத்துப் போடும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். கரகரப்பிரியாவின் முதல் எழுத்தைச் சாதாரணக் ககரமாகக் கொண்டால் 1, ரகரம் 2. திருப்பினால் 21 வரும், ஆனால் 21 கீரவாணி. கரகரப்பிரியாவின் ககரம் வடமொழிக் ககர வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து (kha); 2, 2, ஆகவே 22. பாவனி 41 என்பதும் பவப்பிரியா 44 என்பதும் இவ்வாறே பகரத்தின் ஒலி வேறுபாட்டால் வருவன. "எழுத்தைப் பார்க்காதீங்க, சொல்லிக் கேளுங்க" என்று அவர் 72 மேளத்தின் பெயர்களையும் எங்களை உரக்கச் சொல்லவைத்தார். ஐயா தாளத்துக்குச் சொன்னதும் அம்மா எண்ணுக்குச் சொன்னதும் ஒன்றுதான் என்று இந்த ஆண்டுதான் எனக்கு உறைத்தது.

இராக இலக்கணக் கேள்விகள் எளியவை; சஞ்சாரத்தை (இராகம் செல்லும் வழியை) சுரப்படுத்தி எழுதிப் பழகினால் போதும்.

சீவாளியில் கவனமாக இருங்கள். தேர்வு நடக்கும் கோடையில் கொறுக்கைத் தட்டை விரைவில் உலர்ந்து விறைக்கும். தேர்வு நாளில் புதுச் சீவாளியைத் தொடாதீர்கள். ஒரு மாதமாவது வாசித்துப் பதமானவற்றில் மூன்றை எடுத்துச் செல்லுங்கள்.

இந்த முறை தேர்வாளர் வேறொருவர். அவரும் குழலை வைக்கச் சொன்னார். பாடினேன்; இரண்டாவது லகுவின் மோதிர விரலைக் கடந்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முடிவு தெரிந்த அன்று மாலை திருவிடைமருதூர் போனேன். கொண்டுபோன இனிப்பை வாங்கி வைத்துவிட்டு, ஐயா என்னை எதிரே உட்காரவைத்து அதே முத்தாயி சுரத்தைப் பாடச் சொன்னார். இரண்டு காலமும் முடித்தேன். "மூணாங் காலம்?" என்று கேட்டார்.