தப்பான வாசலில் தொடங்கிய மூட்டு வைத்தியம்

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று முடிவானதும் தஞ்சாவூரிலிருந்து சித்தி போன் செய்தார். "உங்க ஊர்ல வைத்தியம் எல்லாம் இலவசம்தானே, அப்புறம் என்ன கவலை?" என்றார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில்தான். மாதாமாதம் சம்பளத்தில், மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் மெடிசேவ் என்ற சேமநிதிக் கணக்குக்கு ஒரு பங்கு போகிறது. அந்தப் பணம் எப்போது, எப்படித் திரும்பி வரும் என்று 2023 வரை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

முதல் தப்பு என்னுடையது. அந்த ஜனவரியில் அம்மாவால் மாடிப்படி இறங்க முடியாமல் போனது. என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் தனியார் மருந்தகம் (கிளினிக்) ஒன்று உண்டு. அங்கே அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரே பார்த்தார், அரசு மருத்துவமனையின் எலும்பு நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். கடிதம் கையில் இருக்கிறதே, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முன்பதிவு செய்யப் போனபோதுதான் முகப்பில் இருந்த பெண் கேட்டார்: "இது பிரைவேட் கடிதம். பிரைவேட் நோயாளியாகப் பதியவா?"

அதே மருத்துவமனை, அதே கட்டடம். ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அரசின் பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் அட்டை (தனியார் மருந்தகத்தில் அரசு சலுகையோடு வைத்தியம் பார்க்க உதவும் அட்டை) வைத்திருப்பவர் சாஸ் திட்டத்தில் உள்ள மருந்தகத்திலிருந்தோ கடிதம் கொண்டுபோனால் மானிய நோயாளி. டாக்டரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தனியார் கடிதத்தோடு போனால் விரும்பிய நிபுணரைப் பார்க்கலாம், ஆனால் முழுக் கட்டணம். ஒருமுறை தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டால் பிறகு மானியத்துக்கு மாறுவது லேசுப்பட்ட காரியமில்லை. நல்ல வேளை, அந்தப் பெண் கேட்டார். கேட்காமல் பதிந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மா 1953இல் பிறந்தவர், மெர்டேக்கா தலைமுறை. 1950களில் பிறந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் அது, தனி அட்டையும் உண்டு. அந்த அட்டைக்கே சாஸ் சலுகை உண்டு. எங்கள் புளோக்குக்குக் கீழேயே சாஸ் ஸ்டிக்கர் ஒட்டிய மருந்தகம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் கோப்பிக்கடைக்குப் போகிறோம். அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

சரி, மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஈசூன் பலதுறை மருந்தகம், புதுக் கடிதம், இரண்டு மாதக் காத்திருப்பு, நிபுணர், எம்ஆர்ஐ, "மாற்றிவிடலாம்" என்ற முடிவு. இந்தப் பகுதியில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. காத்திருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்த பாடம், செலவு மதிப்பீட்டுக்காக உட்கார வைத்தபோது வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் ஒரு ஊழியர் நம்மோடு உட்கார்ந்து, எந்த வார்டு, மொத்தம் எவ்வளவு வரும், மானியம் போக எவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்டுவார். ஏ, பி1, பி2, சி என்று நான்கு வகை. ஏ என்பது தனி அறை, மானியம் இல்லை. பி2, சி இரண்டுக்கும்தான் பெரிய மானியம். குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை போகும். எங்கள் தாளில் அம்மாவின் விழுக்காடு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைவாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "உங்கள் அம்மாவின் வீட்டில் தலைக்கு வருமானம் அதிகம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். இரண்டு நடுத்தரச் சம்பளம். எங்கிருந்து வந்தது அதிக வருமானம்? அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உட்லண்ட்சில் தம்பி வீட்டு முகவரி. அம்மா எங்களோடு வந்து மூன்று வருடமாகிறது, யாரும் மாற்றவில்லை. தம்பியும் அவன் மனைவியும் இருவரும் வங்கியில் வேலை, பிள்ளைகள் இல்லை. ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தாரின் வருமானத்தைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துத்தான் மானியம் கணக்கிடப்படுகிறது. அதனால் காகிதத்தில் அம்மா வசதியான வீட்டுக்காரி. வீடு மாறிய 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதை விட்டது எங்கள் பிழை. இணையத்திலேயே மாற்றினோம், புது மதிப்பீட்டில் விழுக்காடு ஏறியது. தம்பிதான் இன்னும் "என் சம்பளத்தால அம்மாவுக்கு மானியம் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எந்த வார்டு என்பதில் எங்களுக்குள் சின்னச் சண்டை. தம்பிக்கு பி1, ஏசி உண்டு. எனக்கு பி2. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சி போதும். நாலு பேர் இருந்தா பேச்சுத்துணை." அப்படியே ஆனது. மின்விசிறி, வரிசையாகக் கட்டில்கள், பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் மக்சிக், அதாவது மலாய் அத்தை. அம்மாவின் பழைய பசார் மலாய்க்கு, அந்தச் சந்தைப் பேச்சு மலாய்க்கு, நாற்பது வருடம் கழித்து வேலை வந்தது. "சாக்கிட் தக்?" (வலிக்கிறதா?) என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாதி ஒருவர் ஈப்போக்காரத் தமிழ்ப்பெண். "ஆன்டி, நடங்க, நடந்தாத்தான் சோறு" என்று மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்.

இனி பில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் குழப்பமாக இருந்தது இதுதான். மானியத்துக்கு முந்தைய தொகை இருபதாயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியிருந்தது. மானியம் போக நின்றது 4,700. அடுத்து மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பரில் வந்த இந்தக் காப்புறுதியில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் உண்டு. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று ஒதுக்க முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் காப்புறுதி முதல் வெள்ளியிலிருந்து கட்டாது. அப்போதைய கணக்குப்படி சி வார்டில் 80 வயது வரை உள்ளவர்களுக்கு முதல் 1,500 வெள்ளி நம் பொறுப்பு. அதற்கு மேல் நின்ற 3,200இல் பத்தில் ஒரு பங்கு, 320, அதுவும் நம்முடையது. மீதி 2,880ஐக் காப்புறுதி கட்டியது. ஆக நம் பங்கு 1,820.

அந்த 1,820க்குத்தான் மெடிசேவ். அம்மா ஆயுள் முழுக்க இல்லத்தரசி, சம்பளம் வாங்கியதே இல்லை. அரசாங்கம் அவ்வப்போது போட்டுவைத்த பணத்தில் மிச்சமிருந்தது 800. பெற்றோருக்காகப் பிள்ளைகளின் மெடிசேவையும் எடுக்கலாம். நானும் தம்பியும் ஆளுக்குக் கையெழுத்துப் போட்டு 510 கொடுத்தோம். கையிலிருந்து ரொக்கமாக மருத்துவமனைக்குக் கட்டியது பூஜ்யம்.

இதைச் சொன்னால் சித்தி "அதான் இலவசம்னு சொன்னேன்ல" என்பார். இல்லை சித்தி. அந்த 510 என் சேமநிதிப் பணம், என் வியர்வை. 1984இல் மெடிசேவ் வந்ததிலிருந்து இங்கே யோசனை இதுதான்: அரசு ஒரு பங்கு, எல்லாரும் சேர்ந்து கட்டும் காப்புறுதி ஒரு பங்கு, நீ சேர்த்துவைத்தது ஒரு பங்கு. மூன்றும் போதாதவர்களுக்கு மெடிஃபண்ட் என்று கடைசி வலை ஒன்று உண்டு, மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். கணவரின் அக்கா மகன் கட்டுமான வேலைக்கு வந்தவன், வொர்க் பர்மிட். அதே வருடம் கை எலும்பு முறிந்து வேறொரு மருத்துவமனையில் கிடந்தான். அவனுக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம். முதலாளி எடுத்துவைத்த காப்புறுதிதான் தாங்கியது. வெளிநாட்டு ஊழியருக்கு அந்தக் காப்புறுதி குறைந்தது 60,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று 2023 ஜூலையில்தான் உயர்த்தினார்கள். அதற்கு முன் 15,000.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சில்லறைச் செலவு. நடைச்சட்டம், டாக்சி, வாரா வாரம் பிசியோ. மெடிஷீல்டு பெரும்பாலும் படுக்கையில் இருக்கும்வரைதான் கூட வரும், இந்த மாதிரி வெளிநோயாளிச் செலவுக்கு வராது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது என் குறை. குளியலறைக் கைப்பிடிக்கு மட்டும் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டம் கைகொடுத்தது.

இப்போது அம்மா கைத்தடியோடு கோப்பிக்கடை வரை போய்வருகிறார். ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளச் சொல்லும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின் அழைப்பு வந்ததும் கீழே இருக்கும் அதே சாஸ் மருந்தகத்தில் பதிந்துவிட்டோம். அட்டை இனி என் கைப்பையில்தான். இடது மூட்டும் போன வாரத்திலிருந்து முனகுகிறதாம். காப்புறுதிக்கு முன் நாம் கட்டும் அந்த முதல் தொகையை ஒரு பாலிசி ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்பது நினைவுக்கு வந்து, அம்மாவின் பாலிசி ஆண்டு எந்த மாதம் முடிகிறது என்று ரகசியமாகப் பார்த்துவைத்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "தீபாவளிக்கு முறுக்கு சுடணும். அது முடியட்டும், அப்புறம் உன் கணக்கைப் பார்க்கலாம்" என்கிறார்.