உட்கார்ந்திருந்தவரிடம் கேட்ட கேள்வி

"நடக்கும்போது வலிக்கிறதா அம்மா?" என்றுதான் கேட்டேன். கேள்வியில் பிழையில்லை. ஆனால் கேட்டபோது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. நான் 2 என்று எழுதினேன்.

புற்று பரவிய எலும்புகளில் எது உடையக்கூடும் என்று கணிக்க, 1989-இல் மிரெல்ஸ் என்ற மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். இடம் எது, வலி எப்படி, எலும்பு அரித்திருக்கிறதா கெட்டித்திருக்கிறதா, அதன் குறுக்களவில் எவ்வளவு போயிருக்கிறது என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. கூட்டினால் 9 அல்லது அதற்கு மேல் வந்தால், உடைவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் கம்பி வைத்துவிடுவது நல்லது. 7 அல்லது அதற்குக் கீழே என்றால் கதிர்வீச்சு போதும். 8 வந்தால் மருத்துவர் தன் அறிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

அவருக்குத் தொடை எலும்பின் மேல்முனையில், இடுப்பிலிருந்து இறங்கும் பாரம் திரும்புகிற வளைவில் பரவியிருந்தது. அதற்கு 3. மார்பகப் புற்று, அரிப்பும் கெட்டிப்பும் கலந்திருந்ததால் 2. குறுக்களவில் போயிருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆகவே 1. வலிக்கு நான் போட்ட 2. மொத்தம் 8.

காலை ஊன்றினால் வலிக்கிறது என்றால் வலிக்கு 3 போட்டிருக்க வேண்டும். அப்போது 9.

நடைபாதை நீளம் என்பதால் நாற்காலியில் கூட்டி வந்ததாக மகள் சொன்னார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். எழுந்து நில்லுங்கள், நான்கு அடி நடந்து காட்டுங்கள் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. எந்த நாளில்தான் காத்திருக்கவில்லை? எலும்பு சிகிச்சை நிபுணரிடமும் கலந்துபேசினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "எட்டுதானே, கதிர்வீச்சு கொடுத்துப் பாருங்கள்" என்றார். அவரையும் சேர்த்துக்கொண்டு ஆறுதல் தேட முடியவில்லை. அவர் கையில் இருந்த எட்டு, நான் கொடுத்த எட்டு.

ஒரே தவணையில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தோம். பத்துத் தவணைகளாக 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவதில் பெரிய வேறுபாடில்லை. ஒற்றைத் தவணையில் பிறகு மறுபடி கொடுக்க நேர்வது மட்டும் சற்று அதிகம். எலும்புக்கான சோலெட்ரானிக் அமில ஊசியையும் எழுதினேன். சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்ததால், தாடை எலும்பு பாதிக்கப்படலாம் என்று பயந்து அதைத் தள்ளிப்போட்டோம். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

மூன்றாம் வாரம் அவர் நடந்து வந்தார். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் பாதியாகக் குறைந்திருந்தது. இரவில் தூங்குவதாகச் சொன்னார். கையில் வாக்கர் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள விருப்பம்தான், ஆனால் கவனித்தேன். கவனித்துவிட்டு, "நன்றாக நடக்கிறீர்களே" என்றேன்.

கதிர்வீச்சு வலியைத் தணிக்கும் வேகத்தில் எலும்பைக் கட்டுவதில்லை. வலி சில நாட்களிலோ வாரங்களிலோ குறைந்துவிடும். அரித்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து மீண்டும் ஏறப் பல வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். இடைப்பட்ட காலத்தில் காலுக்கு வலுவும் இல்லை, எச்சரிக்க வலியும் இல்லை. வலி இருந்தவரை அவர் அந்தக் காலில் பாரம் வைக்காமல் தன்னைக் காத்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்துவிட்டேன். இதையெல்லாம் முதல் நாளே அவரிடம் விளக்கினேன். விளக்கியதாகத்தான் நினைவு.

ஐந்தாம் வாரம், குளியலறைக் கதவைச் சாத்துவதற்காகக் காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பியிருக்கிறார்.

"விழுந்ததால் உடையவில்லை டாக்டர். உடைந்ததால்தான் விழுந்தேன். சத்தம் எனக்கே கேட்டது."

முன்கூட்டியே கம்பி வைத்திருந்தால் சில நாட்களில் நடந்திருப்பார் என்று நினைக்கிறேன். மறுநாளே இன்னொரு நினைப்பு வருகிறது: அறுவை சிகிச்சையால் மருந்துச் சிகிச்சை தள்ளிப்போய், கட்டி வேறெங்காவது முந்திக்கொண்டிருந்தால்? இதை வெறும் கற்பனையாகச் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு நான் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறேன். ஐந்தடி நடக்கவைத்துப் பார்க்கிறேன். முகம் சிறிது சுளித்தாலும் 3 போடுகிறேன். அப்படி 9 வாங்கிய ஒருவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பினேன். கம்பி நன்றாகவே அமர்ந்தது. நுரையீரலில் தொற்று வந்து, மருந்துச் சிகிச்சை ஒரு மாதத்துக்கும் மேல் நின்றுபோனது. 9 வாங்கிய எலும்புகளில் பல உடையாமலே இருந்துவிடுவதும் தெரிந்த விஷயம்தான். அறுவை சிகிச்சைக்குப் போன அவருடையது உடைந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 3 எலும்புக்காகப் போட்டதா, எனக்காகப் போட்டதா என்றும் தெரியவில்லை.

உடைந்த காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் வார்டுக்குப் போனேன். மகள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் எதுவும் தொடங்குவதற்கு முன்பே அந்த அம்மா, "அன்றைக்கு நான்தான் சரியாகச் சொல்லவில்லை" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லை அம்மா" என்றேன்.

மகள் தலையணையை விட்டு நிமிரவில்லை. அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் "நடக்கும்போது: சிறிது, பொறுக்கக்கூடியது" என்று இருக்கிறது. சொன்னது யார் என்று எழுதியிருக்கவில்லை.